கிறிஸ்துமஸ் அட்டையில் வந்த ஆடு, அது போய்ச் சேரும் வீட்டில் என்ன செய்கிறது?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள் இந்த கிறிஸ்துமஸுக்கு எனக்குச் சட்டை, கைக்கடிகாரம் என்று எதுவும் அனுப்பவில்லை. "உங்கள் பெயரில் ஆப்பிரிக்காவில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு ஆடு வழங்கப்படுகிறது" என்று ஓர் அட்டைதான் வந்திருக்கிறது. மனசுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஓர் ஆட்டால் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை மாறிவிடுமா? அந்த ஆடு உண்மையில் போய்ச் சேருமா?

பதில்:

ஐயா, இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இந்த நன்கொடை இதே வகையான பணிகளுக்குச் செலவிடப்படும் என்று. உங்கள் பெயருக்கென்று தனியாக ஓர் ஆட்டைப் பிடித்து யார் வீட்டிலும் கட்ட மாட்டார்கள். மகள் கொடுத்த பணம் கால்நடைத் திட்டத்தின் பொதுக் கணக்கில் சேரும். அதிலிருந்து ஆடு வாங்குவார்கள், தடுப்பூசி வாங்குவார்கள், ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள். சிலர் இதை ஏமாற்று என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் கால்நடை மருத்துவர். மேற்கு கென்யாவில், விக்டோரியா ஏரிக்குப் பக்கத்து ஊர்களில் நாலு வருஷம் இந்த வேலையில் இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: ஆட்டுக்கு ஆகும் செலவைவிட அதைச் சுற்றி ஆகும் செலவுதான் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது. அந்தச் செலவு நடந்த இடத்தில் வாழ்க்கை மாறியிருக்கிறது. நடக்காத இடத்தில் ஆடு வந்த மாதிரியே போய்விட்டது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். டான் வெஸ்ட் என்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து விவசாயி ஒருவர். 1930களின் கடைசியில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கே போய், பசியில் இருந்த குழந்தைகளுக்குப் பால் அளந்து ஊற்றும் வேலையைச் செய்தார். பால் எல்லோருக்கும் எட்டவில்லை. இவர்களுக்கு வேண்டியது ஒரு குவளைப் பால் இல்லை, ஒரு மாடு என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1944இல் அவர் ஏற்பாட்டில் முதல் கிடேரிகள் புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலேறின. இன்று ஹெய்ஃபர் இன்டர்நேஷனல் என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. ஹெய்ஃபர் என்றாலே கிடேரிதான். அவர் வைத்த நிபந்தனை ஒன்று இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. மாடோ ஆடோ பெற்ற குடும்பம், அது ஈனும் முதல் பெண் கன்றை அல்லது குட்டியை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். நம் ஊரில் ஆட்டை வாரத்துக்கு விடுவது தெரியும்தானே, கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆனால் இங்கே குட்டி பழைய சொந்தக்காரரிடம் திரும்பிப் போகாது, அடுத்த வீட்டுக்குப் போகும்.

ஆப்பிரிக்காவில் இதன் இன்னொரு கிளை 1988இல் உகாண்டாவில் தொடங்கியது. பிரிட்டனில் பால் உற்பத்திக்கு ஐரோப்பிய உச்சவரம்பு வந்து, நல்ல கறவை மாடுகளையே கழித்துக்கட்ட வேண்டிய நிலை. அங்கிருந்த சில கிறிஸ்தவ விவசாயிகள், போரில் நொந்து கிடந்த உகாண்டாவுக்கு அந்த மாடுகளை அனுப்பினார்கள். செண்ட் எ கௌ என்பது அப்போது அவர்கள் அமைப்பின் பெயர், இப்போது ரிப்பிள் எஃபெக்ட். 1996இல் பைத்திய மாட்டு நோயால் பிரிட்டன் மாடுகளின் ஏற்றுமதிக்கே தடை வந்தது. இப்போதெல்லாம் மாடும் ஆடும் அந்தந்த நாட்டிலேயே வாங்கப்படுகின்றன. அதுதான் சரியும்கூட. ஐரோப்பிய மாட்டுக்கு அந்த ஊர் உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும் எமன்.

சரி, ஒரு வீட்டைக் காட்டுகிறேன்.

கணவர் இறந்துவிட்ட ஓர் அம்மா, நாலு பிள்ளைகள், அரை ஏக்கருக்கும் குறைவான நிலம். மக்காச்சோளமும் அதற்கு நடுவே பீன்ஸும். அறுவடைக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் வீட்டில் தானியம் இருக்காது. ஆடு வருவதற்கு ஆறு மாதம் முன்பே அந்த வீட்டில் வேலை தொடங்கிவிட்டது. முதலில் பரண். நாம் பரண் மேல் ஆடு வளர்ப்பு என்கிறோமே, அதேதான்: கால் நட்டு, தரையிலிருந்து உயர்த்தி, இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த தளம். புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியே கீழே விழுந்துவிடும். குளம்பு அழுகாது, குடற்புழுத் தொல்லை குறையும். பரண் கட்டி முடிக்காத வீட்டுக்கு ஆடு கிடையாது என்பது எங்கள் விதி. அந்த அம்மா யூகலிப்டஸ் கம்புகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து கொண்டுவந்து கட்டினார். வேலி ஓரம் நேப்பியர் புல் நட்டார். வாரம் ஒரு நாள் மாமரத்தடியில் நடந்த வகுப்புக்கு, கடைசிக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

வந்தது டோகன்பர்க் கலப்பு. டோகன்பர்க் என்பது சுவிட்சர்லாந்து ரகம். பழுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. உள்ளூர் ஆட்டோடு சேர்த்த கலப்பு அந்தச் சீமையில் நன்றாகவே நிற்கும். உள்ளூர் ஆட்டின் பால் அதன் குட்டிகளுக்கே சரியாகப் போய்விடும். கலப்பு ஆடு, தீவனம் ஒழுங்காகக் கிடைத்தால், நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே கறக்கும். ஆடு சினையாகத்தான் வந்தது. ஈன்று, குட்டிகளுக்குப் போக மிச்சம் கறக்க ஆரம்பித்த அன்று என்னைக் கூப்பிட்டு டீ கொடுத்தார். கென்யாவில் டீ என்றால் பாலில் கொதிக்க வேண்டும். பால் இல்லாத கட்டன் டீக்கு சாய் யா ரங்கி என்று தனிப் பெயரே உண்டு. அந்த வீட்டில் பல வருஷமாக அதுதான். சின்னப் பையன் தம்ளருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரு வருஷம் கழித்துப் போனபோது, அவர் முதலில் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டியது மக்காச்சோளத்தை. பரணுக்கு அடியில் சேர்ந்த புழுக்கையை ஒரு பக்கத்து வரிசைகளுக்குப் போட்டிருந்தார், மறு பக்கத்துக்குப் போதவில்லை. போட்ட பக்கம் பயிர் என் தோளுக்கு மேல் நின்றது. போடாத பக்கம் இடுப்பளவு, இலையெல்லாம் மஞ்சள். சுகுமா விக்கி என்று ஒரு கீரை அங்கே ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு. "வாரத்தைத் தள்ளு" என்று அந்தப் பெயருக்குப் பொருள். அதற்கும் அதே எரு. இரண்டாவது ஈற்றில் பிறந்த கிடாக்குட்டியை ஜனவரியில் விற்றார். அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும். ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தைக் கென்யா 2003இலேயே எடுத்துவிட்டது. ஆனாலும் சீருடை, நோட்டு, அப்புறம் மேல்நிலைப் பள்ளிச் செலவு எல்லாம் வீட்டின் தலையில்தான். மூத்த பெண்ணின் சீருடை அந்தக் கிடாக்குட்டி. டிசம்பரில் விற்றிருந்தால் கறிக்குக் கிராக்கி, நல்ல விலை கிடைத்திருக்கும். ஜனவரியில் எல்லோருமே பள்ளிச் செலவுக்கு விற்க வருவார்கள், விலை விழுந்துவிடும். அடுத்த வருஷம் டிசம்பரிலேயே விற்றுப் பணத்தை மகளிர் குழுவில் போட்டு வைத்தார். இதுவும் மாமரத்தடி வகுப்பில் பேசிப் பேசி வந்ததுதான்.

இதே காலத்தில் கொஞ்ச தூரத்தில் வேறொரு திட்டம், பெயர் வேண்டாம், அதே ரக ஆடுகளைக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கொண்டுவந்து இறக்கியது. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். பரண் இல்லை. பக்கத்தில் நல்ல கிடா இல்லை. பருவத்துக்கு வந்த ஆடு ராத்திரி முழுக்கக் கத்தும். பொலிகிடா இருக்கும் ஊர் ஒரு நாள் நடை. சினைப்படாத ஆடு பால் தராது, குட்டி போடாது, தீவனம் மட்டும் தின்னும். மழை தொடங்கியதும் இரண்டு ஆடு சளி பிடித்துச் செத்தன. ஈஸ்டருக்குள் மீதியில் பாதியை விற்றுவிட்டார்கள். அந்த மக்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் சாப்பாடு இல்லாதபோது பயன் தராத ஆட்டை யாராக இருந்தாலும் விற்கத்தான் செய்வார்கள். 2011இல் தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கு நாலு நாலு ஆடு கொடுத்தபோதும் நான் இதைப் பார்த்தேன். மேய்ச்சலும் கொட்டிலும் இருந்த வீட்டில் ஆடு பெருகியது, இடமில்லாத வீட்டில் நிற்கவில்லை.

நான் பார்த்த இரண்டு ஊரை வைத்து மட்டும் நீங்கள் நம்ப வேண்டாம். கானாவில் இதை ஒழுங்காகவே சோதித்துப் பார்த்தார்கள். சில குடும்பங்களுக்கு ஆடு மட்டும் கொடுத்தார்கள். சில குடும்பங்களுக்குக் கால்நடையோடு பயிற்சி, கொஞ்ச மாதம் சாப்பாட்டுச் செலவுக்குச் சிறு தொகை, சேமிப்புக் கணக்கு, அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு பணியாளர் என்று எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருஷம் கொடுத்தார்கள். ஆடு மட்டும் பெற்றவர்களிடம் நிலைத்த மாற்றம் எதுவும் தெரியவில்லை. முழுத் தொகுப்பும் பெற்றவர்கள் திட்டம் முடிந்த பிறகும் முன்னைவிட நன்றாக இருந்தார்கள். இந்த முழுத் தொகுப்பு முறை வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கியது. கானா, எத்தியோப்பியா, இந்தியா உள்பட 6 நாடுகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் பார்த்த முடிவுகள் 2015இல் வெளிவந்தன. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ எல்லாம் சேர்ந்து செய்த ஆய்வு. எனக்கு இதில் பிடித்தது அந்தச் சாப்பாட்டுச் செலவுத் தொகை. ஆடு ஈனும்வரை அதை விற்காமல் வைத்திருக்க வைப்பது அதுதான்.

ருவாண்டாவில் கதை இன்னும் பெரியது. அங்கே ஒருவரை வாழ்த்தும் சொல்லே "கிரா இன்கா", உனக்கு மாடு கிடைக்கட்டும். நம் பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று பொருள் உண்டல்லவா, அந்த மனநிலை அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. 1994 இனப்படுகொலையில் மனிதர்களோடு மாடுகளும் பெருமளவில் அழிந்தன. 2006இல் அரசாங்கமே கிரிங்கா என்ற பெயரில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாடு என்று தொடங்கியது. இதுவரை 4 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். 2018 ஜூலையில் பிரதமர் மோடி போனபோது ருவெரு என்ற கிராமத்துக்கு 200 மாடுகள் கொடுத்தது இதே திட்டத்தின் கீழ்தான். முதல் கிடேரிக் கன்று பக்கத்து வீட்டுக்கு என்ற விதி இங்கேயும் உண்டு. ஒரே தேசத்தில் கொன்றவர் குடும்பமும் செத்தவர் குடும்பமும் அடுத்தடுத்து வாழவேண்டிய நிலையில், ஒரு வீட்டின் கன்று இன்னொரு வீட்டுத் தொழுவத்தில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். ஹெய்ஃபர் மூலம் கறவை மாடு பெற்ற ருவாண்டா வீடுகளில் குழந்தைகள் அதிகம் பால் குடித்தார்கள், வளர்த்தியும் கூடியது என்று ஓர் ஆய்வு சொல்கிறது. இன்னோர் ஆய்வில், மாட்டோடு பயிற்சியும் பெற்ற வீடுகளில் பால் கூடுதலாக வந்தது. மறுபடி அதே விஷயம்தான்.

நம்பிக்கை தருகிற ஒரு பெயரையும் சொல்கிறேன். உகாண்டாவின் மேற்கே பியாட்ரிஸ் பீரா என்ற சிறுமி, பள்ளிக்குப் போக வீட்டில் வசதி இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சர்ச் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஆடுகளில் ஒன்று அவர் வீட்டுக்கு வந்தது. முகிசா என்று பெயர் வைத்தார்கள். பாலை விற்ற காசில் பள்ளியில் சேர்ந்தவர், 2008இல் அதே கனெக்டிகட்டில் ஒரு கல்லூரியில் பட்டம் வாங்கினார். ஆடு பெற்ற எல்லோருக்கும் இப்படி நடக்காது. நடந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காகச் சொன்னேன்.

கோழிக்குஞ்சுகள் கொடுக்கும் அட்டையும் உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம். கோழியின் எதிரி வெள்ளைக்கழிச்சல், நாம் ராணிக்கெட் என்கிறோமே அதே நோய். வந்தால் ஊர்க்கோழி முழுக்க ஒரே வாரத்தில் காலி. 20 குஞ்சு கொடுத்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுக்காமல் போவது கண்ணுக்குத் தெரிந்தே சாகக் கொடுப்பது. இதற்கு ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய ஐ-2 என்ற மருந்து இருக்கிறது. சூட்டைக் கொஞ்சம் தாங்கும் என்பதால் மின்சாரம் இல்லாத கிராமத்துக்கும் எடுத்துப் போகலாம். விடியுமுன் கோழிகள் அடையில் இருக்கும்போதே போக வேண்டும், வெளிச்சம் வந்துவிட்டால் ஒன்றையும் பிடிக்க முடியாது. கோழியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கண்ணில் ஒரே ஒரு சொட்டு. அது கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு மாதத்துக்கு ஒரு முறை இப்படி. பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண் இதைக் கற்றுக்கொண்டு, கோழிக்கு இவ்வளவு என்று சின்னக் காசு வாங்கி, மூன்று கிராமத்துக் கோழிகளைக் காப்பாற்றினார். என்னைக் கேட்டால் அட்டையில் ஆட்டுப் படத்தைப் போடும் இடத்தில் அந்தச் சொட்டு மருந்துப் புட்டியைப் போடலாம்.

ஆடு தவிர வேறு பரிசுகளும் இந்த அட்டைகளில் வரும். கொசுவலை தயங்காமல் கொடுக்கலாம். 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் சுமார் 66 கோடி மலேரியாக் காய்ச்சல்கள் வராமல் தடுக்கப்பட்டன, அதில் மூன்றில் இரண்டு பங்கு மருந்தேற்றிய வலையால் மட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள் என்று நம்மில் பலர் சொல்வோம். கென்யாவில் கர்ப்பிணிப் பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். இலவசமாகப் பெற்றவர்களும் காசு கொடுத்து வாங்கியவர்கள் அளவுக்கே வலையைக் கட்டிப் படுத்தார்கள். அரை டாலருக்குக் கொஞ்சம் மேலே விலை வைத்த உடனே வாங்குபவர்களின் எண்ணிக்கைதான் சரிந்துபோனது.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கென்யாவின் கிராமப் பள்ளிகளுக்குப் புத்தகம் கொடுத்துப் பார்த்தபோது, ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மட்டும்தான் முன்னேறினார்கள். புத்தகம் ஆங்கிலத்தில்; பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி, சுவாஹிலி இரண்டுக்கும் அடுத்து மூன்றாவதாக வரும் மொழி அது.

கிணறு, அடிபம்பு என்றால், பழுது பார்ப்பது யார் என்று கேட்காமல் கொடுக்காதீர்கள். குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் வரும் என்று ஒரு பம்பை, பிளேபம்ப் என்று பெயர், தென் ஆப்பிரிக்காவிலும் மொசாம்பிக்கிலும் பெரும் பணம் போட்டு நிறுவினார்கள். சாதாரண அடிபம்பைப்போல் பல மடங்கு விலை. குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள் அந்த ராட்டினத்தைக் குனிந்து தள்ள வேண்டியிருந்தது. பழுதானால் ஊரில் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. அதே ஆப்பிரிக்காவில் இந்தியா மார்க் 2 அடிபம்பு நாடு நாடாக நிற்கிறது. 1970களில் யூனிசெஃப் துணையோடு இங்கே உருவாகி, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் ஆலையில் தயாரான அதே பம்புதான். உகாண்டாவில் அதன் கைப்பிடியை அடித்துத் தண்ணீர் குடித்தபோது எங்கள் தெருமுனைக்கு வந்த மாதிரி இருந்தது.

அப்புறம், ஆட்டை விட்டுவிட்டுப் பணத்தையே கொடுத்தால் என்ன? கென்யாவில் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் எம்-பெசா 2007இலேயே வந்துவிட்டதால் அது சுலபம். சியாயா மாவட்டத்தில் சுமார் 10,500 ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர் அளவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கூரைக்குத் தகரம் வாங்கினார்கள், சாப்பிட்டார்கள், சிறு கடை வைத்தார்கள். கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரப் பொருளாதாரம் இரண்டரை டாலர் அளவுக்கு வளர்ந்தது, விலைவாசி ஏறவே இல்லை என்று சொல்லலாம். அந்த வீடுகளில் கைக்குழந்தைகளின் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2025இல் ஒரு தொடர் ஆய்வு வந்திருக்கிறது. கால்நடை மருத்துவனான நானே சொல்கிறேன்: மருத்துவர், தீவனம், பயிற்சி எதுவும் இல்லாத ஊருக்கு ஆடு கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுப்பது நல்லது. அந்தப் பணத்தில் ஆடு வேண்டுமா, தகரம் வேண்டுமா என்பது அந்த வீட்டு அம்மாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தண்ணீர் கஷ்டமான ஊருக்கு மாடு கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறவை மாடு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். கட்டிப்போட்டு வளர்த்தால் அத்தனை தண்ணீரையும் புல்லையும் சுமப்பது பெண்களும் பிள்ளைகளும்தான். மாட்டால் பள்ளிக்குப் போன பிள்ளையும் உண்டு, மாட்டுக்குப் புல்லறுக்கப் பள்ளியை விட்ட பிள்ளையும் உண்டு. ஆடு, கோழி, தேன்கூட்டுப் பெட்டி போன்றவற்றில் இந்தச் சுமை குறைவு.

உங்கள் மகள் செய்தது நல்ல காரியம். அட்டை அனுப்பிய அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். ஆடு கொடுத்த வீட்டுக்கு எத்தனை மாதம் ஆள் போய்ப் பார்க்கிறார்? பொலிகிடாவும் தடுப்பூசியும் எவ்வளவு தூரத்தில் கிடைக்கின்றன? முதல் பெட்டைக்குட்டி யார் வீட்டுக்குப் போகிறது? நன்றாக நடக்கிற அமைப்பு இதற்கெல்லாம் சந்தோஷமாகவே பதில் எழுதும். எந்த நாடு, என்ன ரகம் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். அந்த ஊர் மழைக்கும் புல்லுக்கும் அந்த ஆடு தாங்குமா என்று எழுதுகிறேன்.